மாமா போடாத கையெழுத்து

தெரு முழுக்க நிவாரண மாவு வந்து இறங்கிவிட்டது. அக்கா வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"உன் மாமா யாருக்கு ஓட்டுப் போடுறாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுடா" என்றாள் அக்கா. ரகசியமாகத்தான் சொன்னாள், சமையலறையில் அவளையும் தம்பியையும் காலி டப்பாக்களையும் தவிர யாருமில்லை.

தம்பி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வெள்ளத்துக்குப் பிறகு அளக்க வேண்டிய நிலமெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்ததால் வேலை குறைவு, யோசிக்க நேரம் அதிகம். அதுதான் வினையாயிற்று.

போன மாதம் பின் தெருவில் நான்கு வீடுகளை ஆளுங்கட்சி அலுவலகம் நிவாரணப் பட்டியலிலிருந்து அடித்திருந்தது. 'எதிர்க்கட்சியை ஆதரித்தேன், தவறை உணர்ந்தேன்' என்று கடிதம் கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு மாவு கிடைத்தது.

"மாமாவை எழுதித் தரச் சொல்லேன்."

"பட்டினி கிடப்பேன்னு சொல்வாரு. மூணு பிள்ளைங்களையும் சேர்த்து."

மாமா பஸ் டிரைவர். வளைவில்கூட வளைய மாட்டார் என்று டிப்போவில் பெயர்.

எனவே அவரிடம் கேட்கவில்லை. மலைச்சரிவையே பிசகாமல் வரைகிற கைக்கு மாமாவின் கையெழுத்து ஒரு பொருட்டா? தம்பி கடிதத்தோடு கட்சி அலுவலகம் போனார். செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு புன்னகைத்தார்.

"அப்படியா சங்கதி?"

மாலையே மூட்டை வந்தது. கூடவே ஒலிபெருக்கி கட்டிய வண்டியும் வந்தது. 'எதிர்க்கட்சியில் இருந்த பஸ் டிரைவர் மனம் திருந்தி நம்மோடு இணைந்தார்' என்று தெருவின் இரு முனைக்கும் கேட்டது.

வேலை முடிந்து வந்த மாமா வாசலில் நின்று கேட்டார். "பாவம், எவனோ மாட்டிக்கிட்டான்" என்றபடி செருப்பைக் கழற்றினார். அடுத்த வரியில் வீட்டு எண்ணையும் சொன்னார்கள். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூட்டையைத் தோளில் போட்டு, கட்சி அலுவலக வாசலில் இறக்கினார். கடிதத்தைக் கேட்டு வாங்கி, அடியில் எழுதினார்: 'இது என் கையெழுத்து இல்லை. என் ஓட்டு என் இஷ்டம்.'

கையெழுத்து மாமாவுடையது இல்லையென்றால் பின்னே யாருடையது? மறுநாளே தம்பி செயலாளரிடம் ஓடினார்.

"மாமா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. வெள்ளத்துக்கு அப்புறம் அவருக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல. எழுதிக் குடுப்பாரு, மறந்துடுவாரு."

"அடடா" என்று உச்சுக்கொட்டினார் செயலாளர். "புத்தி சரியில்லாதவர் கையில பஸ்ஸைக் குடுக்கலாமா?"

அந்த வாரமே டிப்போவிலிருந்து மாமாவை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. சித்தசுவாதீனம் இல்லாதவருக்கு ஓட்டு இல்லையாம். சாட்சி, மைத்துனர்.

தம்பி போனபோது மாமா காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கொடுப்பதற்கு. திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்பா" என்றார். அவ்வளவுதான்.

அக்கா அடுப்படியை விட்டு வரவேயில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தம்பி கட்சி அலுவலகத்துக்கு நடந்தார். வேலை போனாலும் போகட்டும், ஜெயில் என்றாலும் சரி. செயலாளர் இல்லை. மூட்டை தூக்குகிறவர் மட்டும் தரையில் உட்கார்ந்து கோணிகளை உதறிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. தம்பி அவரிடமே எல்லாவற்றையும் கொட்டினார்.

அவர் கோணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு உங்க அக்கா வீட்டு மூட்டை வண்டியிலேயே கிழிஞ்சுபோச்சுங்க. காலையில வேற கொண்டுபோகலாம்னு நான்தான் நிறுத்தி வச்சேன். நீங்க கடிதம் கொண்டுவர்ற வரைக்கும் உங்க மாமா எங்க கட்சி ஆளுன்னுதாங்க எங்க பட்டியல்ல இருந்துச்சு."