ஆர்வில் ஹாக்ஸ்டாட்டின் மீன் கலப்பு அல்ல என்பது பற்றி

பர்ச் நேரோஸ் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கார்லா ஓஸ்டர்ஹாஸ் அம்மாளுக்கு, ஸ்பூன் ஏரி வடகரையிலிருந்து எர்வின் பிரிபில் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது. நான் நலம். இடது முழங்கால் நலமில்லை, ஆனால் கடிதம் எழுதுவது அது இல்லை. நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும், போன மாதம் வேலியில் மாட்டிக்கொண்ட உங்கள் பூனையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்கள் தாத்தா காலத்திலிருந்தே உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயம். ஆகவே நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். கையெழுத்து அழகாக இருந்தால் புகழ் அவருக்கு. உள்ளே கோபம் இருந்தால் அது என்னுடையது.

முதலில் ஆண்டைத் திருத்துங்கள். ஆர்வில் அந்த மீனைப் பிடித்தது 1969 என்று போட்டிருக்கிறீர்கள். இல்லை. டிசம்பர் கடைசி நாளில் கிரீன் பேயில் பாக்கர்ஸ் கால்பந்து அணி உறைபனியில் ஆடி ஜெயித்ததே, நடுவர்களின் விசில் ஊத முடியாமல் உறைந்துபோனதே, அந்த ஆண்டு. ஏரிப் பனியின் மேல் ஒரு ஓட்டைக் காரை நிறுத்தி, பனி உருகி அது எந்த நாளில் முழுகும் என்று வசந்தத்தில் ஊரே சீட்டு எழுதிப் போடுவோம் அல்லவா, அந்த ஆண்டு கார் முழுகவே இல்லை. பனிப்பாளத்தோடு மிதந்து போய் லூத்தரன்காரர்கள் கரையில் ஒதுங்கியது, அவர்கள் திருப்பித் தரவும் மாட்டேன் என்றார்கள். ஜூலையில் காகித ஆலையின் சங்கு சிக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஊதியது, எங்கள் பசு அன்று முழுக்கப் பால் விடவில்லை. அக்டோபரில் இரண்டாவது ஞாயிறு ஆர்வில் மீனைப் பிடித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1967 வரும். எழுத்துத் தெரிந்தவர்கள் மறந்துபோனால் புரட்டிப் பார்க்கலாம். நான் எங்கே போய்ப் புரட்டுவது? அதனால் நான் மறப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா வென்சல் பிரிபில் கட்டிய மதுக்கடையில், கண்ணாடிக் குப்பிகளுக்கு மேலே ஐம்பத்தேழு ஆண்டாகத் தொங்குகிற மீனுக்குக் கீழே 'தூய மஸ்கி, நாற்பத்தெட்டரை அங்குலம், ஆர்வில் ஹாக்ஸ்டாட்' என்று பித்தளைத் தகடு இருக்கிறது. மஸ்கி என்கிற இந்த ஏரி ராட்சச மீனில் அதுதான் இந்த வட்டாரத்தின் சாதனை. இரண்டாவது என்னுடைய மீன், முந்தைய ஆண்டு பிடித்தது, நாற்பத்தேழே முக்கால், என் கார் கொட்டகையில் மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன மாதம் மீன்வளத் துறையிலிருந்து ஹேலி என்று ஒரு பெண் வந்தாள். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தின்ன வந்தவள் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே. முக்காலி மேல் ஏறி, டார்ச் அடித்து, மீனின் தாடைக்கு அடியில் ஊசித் துளைகளை எண்ணிவிட்டு, இது தூய மஸ்கி இல்லை, தாய் மஸ்கி, தகப்பன் பைக் என்கிற வேறு ஜாதி மீன், கலப்பில் பிறந்த புலி மஸ்கி என்று சொல்லிவிட்டாள். அதை நீங்கள் முதல் பக்கத்தில் போட்டு, 'எர்வின் பிரிபிலுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் நீதி' என்று தலைப்பும் வைத்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் திருவிழாவில் ஆர்வில் மீனை இறக்கி, கழிப்பறைக் கதவுக்கு மேலே கலப்புகளோடு மாட்டிவிட்டு, என்னுடையதை மேலே ஏற்றப்போவதாகக் கமிட்டி சொல்கிறது. எனக்கு அந்த நீதி வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். ஆர்வில் என் மச்சான். என் தங்கை லவோனின் வீட்டுக்காரன். அவள் கல்யாணமே அந்த மீன்மேல் நிற்கிறது. ஊரில் பழசான ஆட்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். எங்கள் அப்பா பொஹீமியாக்காரர், கத்தோலிக்கர், கலப்பு என்றால் எதிலும் ஆகாது. பீரில் தக்காளிச் சாறு ஊற்றிக் கேட்டவனைக் கோட்டை மாட்டச் சொல்லி வெளியே அனுப்பியவர். அவரிடம் போய், நார்வேக்காரன், லூத்தரன், அதுவும் அந்தக் காரைத் திருப்பித் தராத கரைக்காரன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெண் கேட்டான். அப்பா துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"என் பொண்ணு வேணும்னா தூய மஸ்கி ஒண்ணு பிடிச்சிட்டு வாப்பா. உன் எதிர்ல நிக்கிறானே, அவன் மீனை விடப் பெருசா. கலப்பைக் கொண்டாந்தா மீனோட நீயும் ஏரிக்குத்தான். இந்த மேடை மேல போடு, அப்புறம் பேசலாம்."

எதிரில் நின்றவன் நான். ஆக, அவன் கல்யாணத்துக்கு அளவுகோல் என் மீன். இப்போது நீங்கள் அந்த மீன் கலப்பு என்று அச்சில் போட்டால், லவோன் எதன்மேல் ஐம்பத்தோரு ஆண்டு குடித்தனம் பண்ணினாள்? ஆர்வில் போய் ஆறு ஆண்டாகிறது. அவள் தினமும் சாயங்காலம் அந்த மீனுக்கு நேர் கீழே உள்ள முக்காலியில்தான் பிராந்தி ஓல்ட் ஃபேஷன் என்கிற கலப்பு மதுவை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். உங்கள் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். வாசித்து முடித்து, தாளை நாலாக மடித்து, நாயின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள்.

ஆகவே, மீன் படித்த அந்தப் பெண்ணின் வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். எழுபது ஆண்டு இந்த இரண்டு ஜாதி மீனோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். தூய மஸ்கிக்குத் தாடைக்கு அடியில் பக்கத்துக்கு ஆறிலிருந்து ஒன்பது துளை, பைக்குக்கு ஐந்துக்கு மேல் போகாது, கலப்பு நடுவில் தத்தளிக்கும் என்கிறாள். ஆர்வில் மீனுக்கு ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஐந்தாம். அம்மா, அதைப் பாடம் செய்தவர் கஸ். கஸ் ஓட்டை எங்கே கண்டாலும் மெழுகு வைத்து அடைப்பவர். தன் வீட்டுக் கூரையையே அப்படித்தான் அடைத்தார், ஜூன் மாதம் சூப்பில் சொட்டியது. ஒரு துளை அவர் கணக்கில் போயிருக்கும். அடுத்தது வரி. புலி மஸ்கிக்கு வெளிர் உடம்பில் கறுப்பு வரி பளிச்சென்று இறங்கும், அதனால்தான் அந்தப் பெயர். சரி, ஆனால் தூய மஸ்கியிலும் வரி போட்டது உண்டு, புள்ளி போட்டது உண்டு, ஒன்றும் போடாமல் பிறந்தபடி திரிவதும் உண்டு. மேலும் செத்த மீனுக்கு ஏது நிறம், கஸ் தூரிகையால் தீட்டியதுதான் நிறம், அந்த வாரம் அவரிடம் கறுப்புச் சாயம் மிஞ்சியிருந்தது. பிறகு குணம். பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் தூய மஸ்கி ஒரு தடவை வரும். வந்தாலும் பொய் இரைக்குப் பின்னாலேயே படகு வரைக்கும் வந்து, தண்ணீருக்குள்ளிருந்து நம்மை ஒரு பார்வை பார்க்கும், வரி கேட்டு வந்த அதிகாரி மாதிரி. நாம் தூண்டில் முனையைத் தண்ணீரில் எட்டுப் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டுவோம். அது திரும்பிப் போய்விடும். கலப்பு அப்படி யோசிக்காது. பார்த்ததும் பாயும், பிடித்ததும் துள்ளும், வெந்நீர் மாதிரி ஏரி காய்கிற ஆகஸ்டில்கூடத் தின்ன வரும். சீக்கிரம் வளரும், சீக்கிரம் போய்ச் சேரும். தூயது முப்பது ஆண்டு கிடக்கும், கலப்புக்குப் பத்துப் பன்னிரண்டே பெரிது. அதனால்தான் கையில் மீன் வேண்டும் என்கிறவன் கலப்பைத் தேடுவான், தன் பொறுமையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்கிறவன் தூயதைத் தேடுவான். ஆர்விலின் மீன் இரண்டாவது வீச்சிலேயே பாய்ந்து பிடித்தது என்பது உண்மை. நானே துடுப்புப் போட்டேன், பார்த்தேன். ஆனால் அதற்கு முன் அந்த ஆண்டு முழுக்க அவன் வீசியதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? நூறு வீச்சுக்கு ஒரு காய்ந்த பட்டாணி வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவான். அக்டோபரில் இடது பை கிழிந்தது. தூய மஸ்கியே இரக்கப்பட்டு வந்திருக்கலாம்.

பெற்றது இரண்டு விதமாக இருந்தால் பிள்ளை பொல்லாததாக இருக்கும் என்பதற்கு என் தங்கை பிள்ளைகள் மூன்று பேரையும் சொல்லலாம். சீக்கிரம் வளர்ந்தார்கள், கண்டதைத் தின்றார்கள், எதைப் பார்த்தாலும் பாய்ந்தார்கள். ஆனால் கலப்பு மஸ்கி முட்டை போட்டாலும் குஞ்சு கிடையாது, லவோனுக்கோ பேரப்பிள்ளைகளே பதினொன்று, ஆகவே இந்த உவமையை அடித்துவிட வேண்டும் என்று எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அடிக்கச் சொல்லவில்லை.

கடைசியாக வால். இதுதான் முக்கியம். தூய மஸ்கியின் வால் நுனி இரண்டும் கூராக இருக்கும், கலப்புக்குத் தகப்பன் வழியில் உருண்டையாக இருக்கும். எங்கள் அப்பா துளையும் எண்ண மாட்டார், வரியும் பார்க்க மாட்டார். வால் நுனியைப் பெருவிரலால் தடவுவார், சொல்லிவிடுவார். ஏரியைச் சுற்றி இருபது மைலுக்கு அந்த விரல்தான் தீர்ப்பு. அந்த ஞாயிறு பூசை முடிந்து கடை நிறைய ஆள். ஆர்வில் நாலடி மீனை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்து மேடை மேல் கிடத்தினான். மீன் விழுந்த கனத்தில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. அப்பா அளவு நாடாவை எடுத்து அளந்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாலைப் பிடித்தார். பெருவிரல் ஒரு நுனிக்குப் போனது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ஒருவரும் குடிக்கவில்லை. லவோன் சமையல் கதவில் நின்றாள். அப்பா விரலை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கூர் இருக்கு" என்றார். "நார்வேக்காரனுக்கு ஒரு கிளாஸ் ஊத்துடா எர்வின்."

நான்தான் ஊற்றினேன். என் சாதனை ஓராண்டுகூட நிற்காமல் அன்றைக்குப் போனது. அந்த வாலின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல்வரிசை மாதிரி இருப்பதை ஹேலி சந்தேகமாகச் சுட்டிக்காட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட ஒரு பெரிய மீன் அதைக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஏரியில் இதெல்லாம் நடக்கும்.

ஆகவே தகட்டைத் தொடாதீர்கள், மீனை இறக்காதீர்கள், எனக்கு மாலை கீலை ஒன்றும் வேண்டாம் என்று உங்கள் பத்திரிகையில் இதே அளவு எழுத்தில், முதல் பக்கத்திலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் உங்கள் பூனைக்கும் இந்தக் குளிர்காலம் விறகு தீராமல், குழாய் உறையாமல், கூரை ஒழுகாமல் கழியட்டும். ஹேலிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், கெட்டிக்காரப் பெண்.

இப்படிக்கு,
எர்வின் பிரிபில்
(இந்த ஒன்று மட்டும் என் கையெழுத்து)

பின்குறிப்பு: எழுதியதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினார்கள். பெரிய மீன் கடித்த இடம் வந்ததும் வாசிப்பு நின்றுவிட்டது, சிரித்த சிரிப்பில் மேசை ஆடிக் காபி கொட்டியது. மூன்றாம் பக்கத்தில் உள்ள கறை அதுதான். கொஞ்சம் மூச்சு வந்ததும், "அண்ணா, எனக்கு எண்பது வயசாச்சு. அப்பா இனிமே என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்க மாட்டார். உள்ளதைச் சொல்லு, எழுதறேன்" என்று உத்தரவு வந்தது. சொல்கிறேன். ஹேலி எண்ணியது சரி. அது கலப்புத்தான். படகில் ஏறின நிமிஷமே எனக்குத் தெரியும். வால் நுனி இரண்டும் ரொட்டி மாதிரி உருண்டை. கரைக்கு வந்ததும் ஆர்வில் படகிலேயே உட்கார்ந்துவிட்டான். "மச்சான், ஏரியிலேயே விட்டுடறேன், அவர் மூஞ்சியில முழிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றான், இன்னும் மச்சான் ஆகாதபோதே. நாங்கள் அதைக் கடைக்குப் பின்னால் உள்ள பனிக்கட்டிக் கொட்டகைக்குக் கொண்டு போனோம். நான் வாலை விரித்துப் பிடித்தேன், என் சாதனை போகிறது என்று தெரிந்தேதான் பிடித்தேன், என் தங்கை வெட்டினாள். கையில் கிடைத்தது தையல் பெட்டியில் இருந்த கத்தரி, துணி ஓரம் பிரியாமல் பல் பல்லாக வெட்டுகிற வகை. கூர் வந்தது, கூடவே பல்லும் வந்தது. வெட்டினதில் அரை அங்குலம் போயும் என் மீனை ஜெயித்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்று. அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டே அப்பா லவோனிடம், "அந்தக் கத்தரியை நல்லா வெந்நீர்ல கழுவி வைம்மா. கல்யாணத் துணியில மீன் வாடை ஏறிடப் போகுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாகும் வரைக்கும் சொல்லவில்லை.

ஆகவே தகட்டில் 'புலி மஸ்கி' என்று மாற்றிப் போடுங்கள், ஆனால் மீன் அங்கேயேதான் இருக்கும், என்னுடையது மண்வெட்டிகளோடு இருக்கட்டும். சாட்சி வேண்டும் என்று கமிட்டி கேட்டால், அன்று கொட்டகையில் இருந்தது நாயையும் சேர்த்து நாலு பேர். நாய் அடுத்த வசந்தத்தில் மர லாரியில் அடிபட்டுப் போனது. ஆர்வில் போய்விட்டான். வாலைப் பிடித்தவன் நான், என் பேச்சை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டின கை மட்டும் இன்னும் இருக்கிறது, இப்போது இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறது: லவோன் ஹாக்ஸ்டாட்.