மந்திரிக்குச் சீவிய உருத்து

நெஞ்சு நோகும்போது மனிதனுக்குக் கடவுளோ மனைவி மக்களோ நினைவுக்கு வரவேண்டும். எனக்கு நாய் நினைவுக்கு வந்தது. என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மத்தியானம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் இரண்டு கோப்பை குடித்திருந்தேன் (மனைவியின் கணக்கில் நாலு). பின்னேரம் நெஞ்சுக்குள் யாரோ அம்மியை நகர்த்தத் தொடங்கினார்கள். டொக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்டும் தெரியேல்லை. எதுக்கும் அடுத்த கிழமை எக்கோ ஒண்டு செய்து பாப்பம்" என்றார். அந்த 'எதுக்கும்' போதுமாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் நான் செத்து, எட்டுச்செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

வாசலில் மந்திரி படுத்திருந்தார். அவர் எங்கள் நாய். பகல் முழுக்கக் கண்மூடிக் கிடந்து, சாப்பாட்டுப் பார்சலோடு யாரும் வந்தால் மட்டும் எழும்புவதால் அந்தப் பெயர்.

"நான் போனால் உவரை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

மனைவி வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "நீங்கள் போனால் நான் கனடாவுக்கு மகளிட்டைப் போயிடுவன். உவருக்கு ஆர் விசா எடுக்கிறது?"

யாழ்ப்பாணத்தான் பயந்தால் ஓடுமிடம் காணி உறுதி எழுதும் நொத்தாரிஸ் வீடு. எங்கள் பக்கத்தில் பெற்றோர் பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாலும், சாகும்வரை அதில் இருக்கும் சீவிய உருத்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். எனக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது.

"ஐயா, வீடு மகளுக்கு. சீவிய உருத்து மந்திரிக்கு."

நொத்தாரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "மந்திரிக்கோ? உவங்கள் ஏற்கெனவே பிடிச்ச காணி போதாதோ?"

நாய் என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் இன்னும் மோசமானது.

"நாய்க்கு ஒண்டும் எழுதேலாது. வீடு மகளுக்குப் போகட்டும். உம்மடை தென்னங்காணியை ஆருக்கும் எழுதி, நாயைப் பாக்கவேணும் எண்டு நிபந்தனை போடலாம். ஆனால் அவர் ஒழுங்காப் பாக்கிறாரோ எண்டு நீர் செத்தாப்பிறகு வந்து பாப்பீரோ?"

"வருவன்" என்றேன். (பயத்தில் மனிதன் எதற்கும் ஒப்புக்கொள்வான்.)

"அப்ப முதலிலை நம்பிக்கையான ஆள் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வாரும்."

திரும்பும் வழியில், சந்திக் கடைக்காரரிடம் மட்டும், மிக இரகசியமாக, விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் விடிய ஊருக்கே நாய்ப்பாசம் பொங்கிவிட்டது. மந்திரிக்குக் கல்லெறிந்தே கை பழகியவன் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. அவன் மாரி பிஸ்கட்டோடு வந்தான்.

"அத்தான், எனக்குச் சின்னனிலையிருந்தே நாயெண்டால் உயிர்."

பக்கத்து வீட்டுச் சிவராசா அண்ணை மட்டும் வாசலுக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் வேலிச் சண்டை. அவர் வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால் தடிகள் என் பக்கம் கொஞ்சம் நடந்து வரும். ஆனால் வேலிப் பொட்டுக்குள்ளால் தினமும் ஆட்டெலும்பு வந்துகொண்டிருந்தது.

மந்திரி எல்லாரிடமும் சாப்பிட்டார். ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நான் பயத்தில் இளைத்தேன், அவர் கொழுத்தார். வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, காரியம் கிட்ட வந்துவிட்டது என்று திருப்தியோடு போனார்கள்.

எக்கோ எடுத்த டொக்டர் சிரித்தார். "இருதயம் நல்லாயிருக்கு. வாயு. கூழைக் குறையுங்கோ."

உயிர் திரும்பிய சந்தோஷத்தில் மந்திரிக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தேன். செய்தி எனக்கு முன்னே ஊருக்குள் போயிருந்தது. பிஸ்கட்காரர்கள் யாருமில்லை. மந்திரியும் இல்லை.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சிவராசா அண்ணையின் விறாந்தையில், சாக்கு விரித்து, ஃபானுக்குக் கீழே படுத்திருந்தார்.

"மந்திரி, வாடா."

ஒரு கண் திறந்தது. வால் ஒருதரம் நிலத்தில் அடித்தது. பிறகு அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிவராசா அண்ணை வெளியே வந்தார். "தம்பி, வாயுவாமே." துக்கம் விசாரிக்கும் குரல்.

"ஓம் அண்ணை. அதாலை ஒருத்தருக்கும் காணி இல்லை."

"கேள்விப்பட்டனான்."

"அப்ப நாயைக் கலைச்சு விடுங்கோ."

"நான் மறிக்கேல்லையே. கேற் திறந்துதான் கிடக்கு." அவர் மந்திரியைப் பார்த்தார். "மனிசியும் போனாப்பிறகு வீட்டிலை ஒரு சத்தம் இல்லை. நிக்க விருப்பமெண்டால் நிக்கட்டுமன்."

ஊரெல்லாம் தேடிய நம்பிக்கையான ஆள் என் வேலியைத் தின்றவர்தான் என்பது எனக்குப் பெரிய அவமானம். இறைச்சிப் பையை வேலிக்கு மேலால் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மரணசாசனம் எழுதப்படவேயில்லை. மந்திரி திரும்பியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விருந்தாளிபோல வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார். எந்தக் கலியாண வீட்டுப் பந்தியிலும் என் மனைவி பக்கத்து இலைக்காரருக்கு இதைச் சொல்லாமல் எழும்புவதில்லை:

"எல்லார் வீட்டிலையும் ஆள் செத்தாப்பிறகுதான் சொத்துக் கைமாறும். எங்கடை வீட்டிலை, ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கேக்கையே சொத்து நாலு காலிலை நடந்து போட்டுது."