குதிரை ஆஸ்பத்திரியில் உன் மருமகள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வலது கால் பெருவிரல் நகம் ஒன்றைத் தவிர நான் நலம். என் மகளும் உன் மருமகளுமான டாக்டரம்மாவும் நலம். அவள் புருவத்துக்கு மேலே போட்ட நாலு தையலும் ஆறிவிட்டது. அங்கே நீயும் அத்தானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், இங்குள்ள குதிரைகள் எல்லாம் தங்கமான குணம் என்று எழுதியிருப்பதாக மட்டும் சொல்.

பஸ் ஏற்றிவிடும்போது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "போ, பிள்ளையைப் பார், பெட்டியைக் கட்டச் சொல், கூட்டிக்கிட்டு வா. அங்க உக்காந்து கதை பேசாதே." நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஐந்து வருடம் மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வருடம் குதிரை ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன் என்று போனவள், நாலே மாதத்தில் முகத்தில் தையலோடு புகைப்படம் அனுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும். அத்தானுடைய சிநேகிதரின் நாய் பூனை கிளினிக்கில், ஏசி அறையில், இவளுக்கென்று ஒரு நாற்காலியை நீ பிடித்து வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நுழையும் இடத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அதில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். நான் மரியாதை தெரிந்தவன் ஆகையால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கி நின்றேன். காவலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், மருந்து செருப்புக்கு. காலுக்கு இல்ல" என்றார். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஆக, அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே மிகச் சுத்தமான மனிதன் நான்தான்.

உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் அடைப்பு அடைப்பாகக் குதிரைகள். மகளைத் தேடினேன். ஒரு கறுப்புக் குதிரைக்குப் பின்னால் இரண்டு ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. மேலே பார்த்தால் அவள் முகம் குதிரையின் பின்புறத்தில் சாய்ந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, இடது கை தோள்பட்டை வரை குதிரைக்கு உள்ளே இருக்கிறது. "வாங்கப்பா. ஒரு நிமிஷம், கை வேலையா இருக்கு" என்றாள். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கை அது, அக்கா. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே குடலைத் தேடிப் பார்க்கிறாளாம். எதற்காக வந்தேனோ அதைச் சொல்ல அது தோதான இடமாக எனக்குப் படவில்லை.

கை கழுவி வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர் ஓடி வந்து, "டாக்டரம்மா, டீச்சர் வந்தாச்சு. விடிகாலையிலேர்ந்து வயித்து வலியாம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், சும்மாதானே நிக்கறீங்க. டீச்சரைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, இறக்கிடலாம்." நான் பதறிப்போய், "முன்பின் தெரியாத அம்மாவை நான் எப்படிப் பிடிக்கிறது, பெண்பிள்ளைகள் யாரையாவது கூப்பிடுங்க" என்றேன். பையில் வயிற்றுவலி மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார். கயிற்றின் மறுமுனையில் ஒரு பழுப்பு நிறக் குதிரை நின்றது. குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் பெண் குதிரை, வயது இருபத்தாறு. அதன் முதுகில் ஏறித்தான் பிள்ளைகள் எல்லாம் பழகியதாம். அதனால் அவர்கள் வைத்த பெயர் டீச்சர்.

முதலில் எடை பார்க்க வேண்டும். எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு. மகள் ஒரு நாடாவால் குதிரையின் மார்பைச் சுற்றி அளந்து, "நானூத்து முப்பது இருக்கும்" என்றாள். பிறகு தரையோடு தரையாகப் பதித்த மேடையில் குதிரையை ஏற்றினோம். திரையில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. எனக்கா பொறுக்கும்? முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக ஊரிலுள்ள தராசுக்கெல்லாம் முத்திரை வைத்தவன். "தராசு தப்பு. அறுபத்தெட்டு கிலோ அதிகமா காட்டுது. இதை உடனே சீல் வைக்கணும்" என்றேன். எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். குதிரைக்காரர் மட்டும் நிதானமாக, "சார், உங்க எடை எவ்வளவு?" என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். நானும் மேடைமேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "இறங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். நாடாவில் அவள் சொன்ன கணக்கு ஒரு கிலோகூடப் பிசகவில்லை என்பதை நீ குறித்துக்கொள்.

வலிக்கு ஊசி போட்டுவிட்டு, "படுத்துப் புரளாம மெதுவா நடத்திக்கிட்டே இருங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லிப் போனாள். அந்த முற்றத்தில் நானும் டீச்சரும் முக்கால் மணி நேரம் நடந்தோம். குதிரைக்கு ஒரு வசதி கிடையாது, அக்கா. நமக்கு வயிறு சரியில்லை என்றால் வாந்தி எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு வாந்தியே வராதாம், உடம்பின் அமைப்பு அப்படி. எது உள்ளே போனாலும் முழுதும் கடந்துதான் போக வேண்டும். ஒரு திருப்பத்தில் நான் தப்பான பக்கம் திரும்ப, அது என் கால்மேல் கால் வைத்துவிட்டது. வைத்த உடனேயே தெரிந்து எடுத்தும்விட்டது. அவ்வளவு வலியிலும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. நகம் போனதில் எனக்கு வருத்தமில்லை.

பதினொன்றரைக்கு மகள் அதன் வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தாள். வெளிர் மஞ்சளாக வர வேண்டியது சிவப்பாக வந்தது. பெரிய டாக்டர் வந்தார். இவளுக்கு மேலே உள்ள அறுவை டாக்டர், ஐம்பது வயதிருக்கும் அம்மா, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார் போலிருக்கிறது. அவரும் கையை விட்டுப் பார்த்தார், ஈறின் நிறம் பார்த்தார், நாடி பார்த்தார். வயதான குதிரைக்கு வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டி ஒன்று காம்போடு தொங்குமாம். அது குடலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது போல இருக்கிறதாம். வயிற்றைத் திறக்கலாம், ஆனால் இந்த வயதில், இந்த நாடியோடு, மேசையிலிருந்து எழுந்திருக்காது. "உன் கேஸ். நீயே போய்ச் சொல்" என்றார் பெரிய டாக்டர்.

குதிரையின் சொந்தக்காரர் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார். பள்ளி நடத்துகிறவர், ஆஜானுபாகு, தொப்பியை மடியில் வைத்திருந்தார். நானும் போய் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். எனக்கும் உள்ளே ஏதோ குதிரை இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். மகள் வந்து அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், நல்ல செய்தி இல்ல. குடலை ஒரு கட்டி சுத்தி இறுக்கிக்கிட்டிருக்கு. அந்த இடம் செத்துக்கிட்டு வருது. அவளைக் காப்பாத்த முடியும்னு எங்களுக்குத் தோணல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எத்தனை வருஷமா டாக்டரா இருக்கீங்க?"

"நாலு மாசமா. பயிற்சி டாக்டர்."

"அப்ப பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கம்மா."

"கூப்பிடறேன் சார். அவங்களும் இதைத்தான் சொல்வாங்க. ஆனா காலையிலேர்ந்து அவகூட இருந்தது நான். அதனால நான் வந்து சொல்றதுதான் சரி."

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷமா ஒரு பிள்ளையைக்கூடக் கீழ போட்டதில்ல" என்றார். அவள் ஆறுதல் சொல்லவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. நான்தான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். கதவு அவர்களைத் தாண்டி இருந்தது.

"உங்க குதிரையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கே முடிச்சுடுவேன். ஊசி போட்ட வலி மருந்து இன்னும் ஒரு மணி நேரம்தான் தாங்கும். அதுக்கு முன்னாடி."

"நான் பக்கத்துல நிக்கலாமா?"

"நிக்கலாம். தலைப் பக்கம், நான் காட்டற இடத்துல நில்லுங்க. அவ சட்டுன்னு விழுவா, பெரிய சத்தம் கேக்கும். கண்ணு திறந்தேதான் இருக்கும். அப்புறமும் ஒரு மூச்சு ரெண்டு மூச்சு வரலாம். அது அவ இல்ல, உடம்பு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பயமா இருக்காது."

அக்கா, அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவரும்தான் வீட்டுக்கு வந்தோம். அம்மாவிடம் சொல்ல உன்னைத்தான் உள்ளே அனுப்பினேன். நான் வாசலில் குனிந்து எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலையிலும் அப்படித்தான். தராசு தப்பு என்றால் நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரர் படித்து முடிப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பேன். எனக்குப் பிறந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருகிறாள். இதை எங்கே கற்றாள் என்று யோசித்தேன். என்னிடம் இல்லை. உன்னிடமிருந்தாக இருக்கலாம்.

கடைசி ஊசியையும் அவளேதான் போட்டாள். நான் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. மண்டியிட்டு, நெஞ்சில் குழாயை வைத்து, தேவைக்கு மேலேயே ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "முடிஞ்சது சார்" என்றாள். அவர் தன் கையை அவள் தலையில் ஒரு நொடி வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் தீவனக் கிடங்குக்கு மேலே இருக்கும் அவள் அறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அங்கேதான் அழுதாள். தின்றுகொண்டே அழுதாள். நானும் ஏதோ சொல்லி வைத்தேன், ரொட்டி நன்றாக இருக்கிறது என்றோ என்னவோ.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு எல்லா டாக்டர்களும் பலகை முன்னால் நின்று, அவரவர் குதிரையைப் பற்றி ஒப்பிக்க வேண்டும். பயிற்சி டாக்டர்கள் நாலு பேர். என்னைப் பின்னால் நிற்க விட்டார்கள். அவள் முறை வந்தபோது, "டீச்சர். நேத்து ஒரு மணிக்கு முடிச்சோம். வயித்து நீரைப் பத்து மணிக்கே எடுத்திருக்கணும். மருந்துல வலி குறைஞ்சதைப் பார்த்துட்டு, சரியாயிடும்னு இருந்துட்டேன். பதினொண்ணரைக்குத்தான் எடுத்தேன்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். பெரிய டாக்டர் யோசித்துவிட்டு, "எடுத்திருந்தாலும் பிழைச்சிருக்காது. ஒன்றரை மணி நேரம் கஷ்டப்பட்டிருக்காது. அடுத்த குதிரை?" என்றார். என் மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த குதிரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். திட்டுமில்லை, தட்டிக்கொடுப்பதுமில்லை. நான்தான் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட இடம் அக்கா இது. கையெல்லாம் காயம், உடம்பெல்லாம் வாசம், நின்றுகொண்டே சாப்பாடு. ஆகவே உன் உத்தரவுப்படி வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவளும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அத்தானின் சிநேகிதரிடம் சொல்லி வை. அத்தானுக்கு என் வணக்கம். நீ முழங்கால் வலியோடு மாடி ஏற வேண்டாம். உங்கள் எல்லாருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை என்று எழுதியது உண்மைதான். நான் கேட்டிருந்தால்தானே மறுப்பதற்கு? "எதுக்குப்பா வந்தீங்க?" என்றாள். "சும்மா, குதிரை பார்க்க" என்றேன். கிளினிக், நாற்காலி, ஏசி எதையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்தான் வாங்கியிருக்கிறேன், அதுவும் அடுத்த வாரத்துக்கு. குதிரைக்காரர் மூன்று நாள் லீவு, கயிறு பிடிக்க ஆள் வேண்டுமாம். அவள் வரவில்லை, அக்கா. வருடம் முடியும் வரை இங்கேதான் இருப்பாள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது. அவளாக இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாள். கோபம் வந்தால் உடனே ஃபோன் செய். நானே எடுப்பேன்.