நாலு பாயிண்ட் கம்மி

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கிளையண்ட்டுக்கு போன் பண்ணி ரெண்டு வார்த்தை சொல்லணும்.

நான் ஆர்கிடெக்ட். திருவண்ணாமலை பெரிய தெருவுல ஒரு மாடி ரூம்தான் ஆபீஸ். படம் போடறது, சைட்டு பாக்கறது, டீ வாங்கப் போறது எல்லாம் நானேதான். ஊர்ல எல்லாரும் "இன்ஜினியர் மேடம்"னு கூப்பிடுவாங்க. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுட்டேன்.

கிளையண்ட் ஏழுமலை அண்ணன். அடி அண்ணாமலையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வெக்கிற குடும்பம். செங்கம் ரோட்ல வெளிநாட்டுக்காரங்க தங்கறதுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினாரு. வாசல்ல "கிரீன் பில்டிங்"னு பலகை மாட்டினா கூட்டம் அள்ளும்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க. அந்த யாரோ நான்தான்.

பலகை வந்தா, பக்கத்து மனையில வர்ற ரெண்டாவது கட்டடமும் எனக்குன்னு வாக்கு குடுத்திருந்தாரு. வரலைன்னா, அவரு மச்சான் பையன் சிவில் டிப்ளமா முடிச்சிட்டு வீட்ல சும்மா இருக்கான்னும் சொல்லியிருந்தாரு. எனக்கு அப்ப கையில வேற வேலையே கிடையாது.

பலகை சும்மா வராது. அதுக்கு ரேட்டிங் வாங்கணும். மழைத்தண்ணி சேத்தா பாயிண்ட், வெளிச்சம் நல்லா வந்தா பாயிண்ட், கரண்ட்டு மிச்சமானா பாயிண்ட். ஏசியைச் சிக்கனமா ஓட்டினா அதுக்கும் பாயிண்ட் உண்டு. என் கட்டடத்துல ஏசியே இல்ல. அதுக்கு பாயிண்ட் இல்ல.

ரேட்டிங் குடுக்கற மெட்ராஸ் ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்டேன். "நல்ல கேள்வி மேடம்"னாங்க. அதோட சரி.

கூட்டிப் பாத்தா நாலு பாயிண்ட் இடிக்குது. சைக்கிள் ஸ்டாண்டு ஒண்ணு போட்டு, வேப்பங்கன்னு நட்டு, தண்ணி கம்மியா வர்ற குழாய் மாட்டினா தேறிடும். நேர்ல போய்ச் சொல்லலாம்னா அன்னைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், செங்கம் ரோட்ல ஒரு வண்டி விடல. சோதிக்கிற ஆபீசர் மறுநா விட்டு மறுநா வர்றாரு.

போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒலிபெருக்கி, அன்னதான வரிசை, அரோகரா.

"ஏழுமலைண்ணா, நாலு பாயிண்ட் கம்மியா இருக்கு."

"இன்னாது?"

"பாயிண்ட்டுண்ணா, பாயிண்ட். நாலு கம்மி. எப்படியாவது சேக்கணும்."

"அட, பாயிண்ட்டுதானே? இதுக்கா பயப்படறீங்க? நான் பாத்துக்கறேன், வெச்சிடுங்க."

அப்புறம் நான் சொன்ன சைக்கிள் ஸ்டாண்டு, வேப்பங்கன்னு எல்லாத்தையும் வெச்சுட்ட போனுக்குத்தான் சொல்லியிருக்கேன். அது எனக்குத் தெரியல. நம்ம கிளையண்ட்டு எவ்ளோ தெளிவுன்னு பெருமை வேற.

மறுநாளும் கூட்டம் கலையல. மறுபடியும் போன் போட்டேன். "வேலை ஜரூரா நடக்குது மேடம்"னாரு. பின்னாடி டங்கு டங்குன்னு கொத்தற சத்தம். வேப்பங்கன்னுக்குக் குழி வெட்டறாங்க போலன்னு நிம்மதியா காபி குடிச்சேன்.

ஆபீசர் வந்த அன்னைக்குத்தான் நானும் போனேன். உள்ள கால் வெச்சதும் என் செங்கல் சுவர் கண்ணுல பட்டுது. பூசாம, அழகா, நானே நின்னு கட்ட வெச்ச சுவர். அது பூரா ப்ளக் பாயிண்ட்.

கட்டில் பக்கத்துல, ஜன்னலுக்குக் கீழ, மாடிப்படி திருப்பத்துல எல்லாம் ப்ளக் பாயிண்ட். மழைத்தண்ணி தொட்டி மேல ஒண்ணு. வாசல்ல இருந்த பழைய வேப்ப மரத்துல ஒண்ணு, அதுக்கு மேல தகரத்துல சின்னதா ஒரு கூரை.

எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஏழுமலை அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்தாரு. "நீங்க நாலு கேட்டீங்க. எதுக்கு வம்புன்னு நாப்பது போடச் சொல்லிட்டேன். இனிமே கம்மின்னு எவனும் சொல்லக்கூடாது."

பக்கத்துல வயர்மேன் பாபு, டெஸ்டரை சட்டைப் பையில குத்திக்கிட்டு, மாலை போடப் போறாங்கங்கற மாதிரி நின்னாரு.

ஆபீசர் சின்ன வயசு, அமைதியான ஆளு. என் பேப்பரைப் பாத்தாரு, சுவரைப் பாத்தாரு. "கரண்ட்டை மிச்சம் பண்ற கட்டடம்னு எழுதியிருக்கீங்க மேடம்."

"ஆமா சார்"னேன். வேற இன்னா சொல்ல?

அவரு பாபு பக்கம் திரும்பினாரு. "இது கிரீன் பில்டிங்தானே?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க"ன்னு பாபு ஒரு பெட்டியைத் திறந்து வயரை இழுத்துக் காட்டினாரு. "பாருங்க, எல்லா பாயிண்ட்டுக்கும் பச்சை குடுத்திருக்கேன். பச்சைன்னா எர்த்து. எர்த்துன்னா பூமி. நேரா பூமிக்குத்தான் போவுது."

ஆபீசர் குனிஞ்சு பச்சை வயரைப் பாத்தாரு. "வாஸ்தவம்தான்"னாரு.

கிளம்பும்போது என்னைத் தனியா கூப்ட்டு, "உங்க கணக்குப்படி நாலுதான் கம்மி மேடம். இப்ப ஏழு கம்மி"ன்னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டாரு.

பலகை வரல. மச்சான் பையன் மனையை அளக்க டேப்போட வந்துட்டதா பாபுதான் வந்து சொன்னாரு. ஆபீஸ் ரூமைக் காலி பண்ணிடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

சீசன் வந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு கேமரா, ஒரு செல்போன். மத்த லாட்ஜுல எல்லாம் ரூமுக்கு ஒரே ப்ளக், அதுவும் பீரோவுக்குப் பின்னாடி. ஏழுமலை அண்ணன் இடத்துல மரத்தடியில உக்காந்துகூட சார்ஜ் போடலாம். ரூம் காலியே இல்ல.

ஒரு நாள் அவரே என் மாடியேறி வந்தாரு. "இன்னா மூளை மேடம் உங்களுக்கு! எந்த இன்ஜினியருக்கும் தோணல, நீங்க ஒருத்தர்தான் பாயிண்ட்டு கம்மின்னு சொன்னீங்க. மச்சான் பையன் வேணாம், பக்கத்து மனைக் கட்டடமும் நீங்களேதான் போடணும்."

"அண்ணா, அது வந்து..."ன்னு ஆரம்பிச்சேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே.

"ஒண்ணும் பேசாதீங்க. ஒரே ஒரு கண்டிஷன். இந்த வாட்டி மொதல்ல இருந்தே பாயிண்ட்டு ஜாஸ்தியா இருக்கணும்."

"கண்டிப்பா இருக்கும்ணா"ன்னேன். எந்தப் பாயிண்ட்டுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.