வத்தேகம சம்பந்தம்

சிறையிலிருந்து வந்தவர்களை ஊரோடு மறுபடி சேர்த்துவைப்பது எப்படி என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்திருக்கிறேன். என்னால் உண்மையிலேயே ஊரோடு சேர்ந்தவர் ஒரே ஒருவர்தான். அதுவும் என் மானம் போன அன்று.

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக நான் எடுத்த முதல் நேர்காணல் வத்தேகம என்ற ஊரில். சிவராஜ் என்பவர் விடுதலையாகி வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. என்ன விஷயமாக வந்தேன் என்று அயலாரிடம் மூச்சு விடக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். (எனக்கோ சி.ஐ.டி.யில் வேலை கிடைத்த மிதப்பு.)

"ஜெயிலுக்குப் போய் வந்தவர் வீட்டுக்குக் கல்யாணமாகாத புள்ள தனியா போறதா?" என்று அப்பா வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். "மொத மொதல்ல போற வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டா போறது?" என்று அம்மா தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் அடுக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார். எனக்குப் பட்டுச்சேலை வேறு. இந்தக் கோலத்தில் எங்கள் ஊரான குண்டசாலையில் பஸ் ஏறினோம். (படித்த மூளை அப்போதாவது விழித்திருக்கலாம்.)

சிவராஜின் பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியோரம் வந்து, "என்ன விசயமா வந்திருக்கீங்க?" என்றார். உண்மையைச் சொல்லக் கூடாது, பொய்யும் வரவில்லை. முகம் சிவக்கத் தலைகுனிந்துகொண்டேன்.

சிவராஜ் தன் தாயிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை. தட்டைப் பார்த்ததும் அந்தத் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. நான் கதிரை நுனியில் உட்கார்ந்து சிவராஜிடம் கேள்விகளை அடுக்கினேன். குடிப்பழக்கம் உண்டா? கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? யார் யாரோடு பழக்கம்? ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய ஆராய்ச்சி விதியைக் கடைசியில் சொன்னேன்: "புடிக்கலன்னா எந்த நேரத்துலயும் வேணாம்னு சொல்லிறலாம்."

"இப்படிச் சொல்ற புள்ள எங்கங்க கெடைக்கும்?" என்று தாய் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைக்கு என்ன நட்சத்திரம்?"

"ரோகிணி," என்றார் அப்பா. (கேட்டதற்குப் பதில் சொல்வது அவருடைய சுபாவம்.)

சிவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, இவங்க கெம்பஸ்ல இருந்து ரிசர்ச்சுக்கு வந்திருக்காங்க."

"அப்ப தட்டு?" என்றார் தாய்.

அந்த முகம் வாடியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. தேத்தண்ணி குடித்து, மன்னிப்புக் கேட்டு, வெறும் தட்டோடு ஓட்டமாகத் திரும்பினோம்.

ஆனால் உண்மை வேலியைத் தாண்டவில்லை. 'பொண்ணையே கூட்டிட்டு வந்து கேக்குறாங்கன்னா பையன் நல்லவனாத்தான் இருக்கணும்' என்று ஊர் பேச ஆரம்பித்தது. தச்சுப்பட்டறையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம், வேலியோரம் விசாரித்த அந்தப் பெண்மணியே தன் மகளை அவருக்குக் கொடுத்தார். அதே தட்டோடு கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தோம்.

இப்போதும் வீட்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "வத்தேகம சம்பந்தம் கைநழுவிப் போச்சேன்னு கவலையா?" என்று கணவர் சீண்டுவார்.

"பின்ன? அவருகிட்டயாவது கோவம் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன்," என்பேன். "ஒங்கள ஒண்ணுமே கேக்காம கட்டிக்கிட்டேனே."