1644-ஆம் எண் கேப்டன்

பணிமூப்புப் பிராணி என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? மின்னியாபொலிஸ் விமான நிலையத்தில் எங்கள் ஊழியர் அறைக்கு வந்தால் கூட்டமாகக் காட்டுகிறேன். இருபது வருடமாகப் பயணிகளுக்குக் காபி ஊற்றிவிட்டு அங்கேதான் கால் நீட்டி உட்காருகிறேன். இந்த இனத்திடம் பெயரைக் கேட்டால் பணிமூப்புப் பட்டியலில் தன் எண்ணைச் சொல்லும்; எண் சிறுக்கச் சிறுக்க ஆள் பெரிது.

எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீடா வானமா, எல்லாம் அந்த எண்படிதான். அதனால் தனக்கு மேலே உள்ள அத்தனை பேருக்கும் அறுபத்தைந்து வயது முடிந்து ஓய்வு பெறும் நாள் இதற்குத் தலைகீழ்ப் பாடம்; முகமே தெரியாதவரின் பிரிவுபசார விழாவுக்கும் முதல் ஆளாகப் போய், கேக் தின்று, “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று கண் கலங்கிவிட்டு வரும். மனைவியின் பிறந்தநாள்? அதை மனைவி நினைவூட்டுவார்.

எங்கள் கேப்டன் டுவெய்ன் ஹல்வர்சன் 811-ஆம் எண்ணில் ராஜாவாக இருந்தார். பிறகு எங்கள் கம்பெனியும் ஃபீனிக்ஸ் கம்பெனி ஒன்றும் இணைந்தன. சேர்ந்த தேதிப்படி பட்டியல் போடு என்றது எங்கள் யூனியன். கம்பெனிக்கு ஒருவராக மாற்றி மாற்றி அடுக்கு என்றது அவர்கள் யூனியன். மூன்று வருடம் மல்லுக்கட்டியபின் நடுவர் தீர்ப்பு வந்தது. ஹல்வர்சன் 1644. அவருக்கு நேர் மேலே, 1643-இல், ஃபீனிக்ஸ்காரர் ரேமன் பச்சேக்கோ. ஹல்வர்சனைவிடப் பதினோரு நாள் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர். அன்றோடு அவரைப் பார்த்து ஹல்வர்சன் தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

இந்த நேரம் பார்த்து மகள் இங்க்ரிடுக்கு ஜூன் பதினான்கில் கல்யாணம் நிச்சயமானது. அந்த வாரத்து விடுப்போ எண் வரிசைப்படி 1643-ஓடு தீர்ந்துவிட்டது. ஆனால் மாற்றிக்கொள்ளலாம், இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டு வெள்ளி மாலை ஐந்துக்குள் அலுவலக ஜன்னலில் கொடுத்தால் போதும்.

வெள்ளி நாலரைக்குப் பச்சேக்கோ தானாகவே ஊழியர் அறைக்கு வந்தார்.

“உங்க பொண்ணு கல்யாணமாமே. அந்த வாரத்த நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு வீட்ல புல்லு வெட்டுற வேலைதான்.”

ஹல்வர்சன் தட்டச்சிட்ட தாளை எடுத்தார்.

“ரொம்ப நன்றி. லீவ வாங்கிக்கிறதால பட்டியல நான் ஒத்துக்கிட்டதா ஆகாதுன்னு சும்மா ஒரு வரி சேத்திருக்கேன்.”

“அதுக்கென்ன, போடுறேன். முதல் கையெழுத்து என்னுது.”

“தேதிப்படி பாத்தா என்னுது.”

“பட்டியல்படி என்னுது.”

“பதினோரு நாளு, பச்சேக்கோ.”

“ஒரு நம்பரு, ஹல்வர்சன்.”

நான் குறுக்கே போனேன். “பக்கத்துல பக்கத்துல போட்ருங்களேன்.”

“இடது பக்கம் யாரு?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு யூனியன் பிரதிநிதியைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே உபதேசம்: விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அதுவே முன்னுதாரணமாகிவிடும். ஐந்து மணிக்கு அலுவலகப் பெண் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். தாள் மேஜையிலேயே கிடந்தது.

ஜூன் பதினான்கு மாலை நாலு மணி. தேவாலயத்தில் இங்க்ரிடைக் கைபிடித்து அழைத்துப் போனவர் தாய்மாமன். அப்பா மொன்டானாவுக்கு மேலே முப்பத்தாறாயிரம் அடியில் இருந்தார். காபி கொண்டுபோனேன். மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“மணி நாலாச்சா?”

“ஆச்சு, கேப்டன்.”

“பச்சேக்கோ என்ன பண்றாராம்?”

“புல்லு வெட்டுறாராம்.”

“ஆனா முதல் கையெழுத்து அவரு போடல, இல்ல?”

“போடல, கேப்டன்.”

நிம்மதியாகக் காபியை வாங்கிக் குடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் சொந்தத்தில் கடைசியாக வந்த கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பெயர் யாருக்குக் கீழே அச்சாகியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தீர்களே, அது எந்த இனம்?