ஐந்து மீட்டர் சதுரமும் முப்பது டன் உளுந்தும்

எண்ணெய்க்கும் பருப்புக்கும் வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்து நிற்பது மானக்கேடு என்று அரசாங்கம் ஒரு நாள் முடிவு செய்தது. மானத்தைக் காப்பதற்காக 'எண்ணெய்வித்து மற்றும் பயறுவகை உற்பத்திப் பெருக்கத் தீவிர முனைப்பு இயக்கம்' தோற்றுவிக்கப்பட்டது. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் பதவி உயர்வு கிடைத்தது. இயக்கத்தின் மொத்தப் பாரமும் மேலிருந்து ஒவ்வொரு மேசையாகக் கீழே தள்ளப்பட்டு, கடைசியில் ஒரு வட்டார உதவி அலுவலரின் தோள்பையில் வந்து இறங்கியது. அந்தப் பையில் நான்கு மரமுளைகளும் இருபது மீட்டர் கயிறும் இருந்தன.

ஊரில் அவரைச் சதுரக்காரர் என்பார்கள். வட்டாரத்தில் என்ன விளைந்தது, எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கத்துக்குச் சொல்வது அவர் வேலை. அதற்காக ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வயலையும் அளந்துகொண்டிருக்க முடியுமா? குலுக்கல் முறையில் ஒரு வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் நான்கு முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். வந்த எடையை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேரின் விளைச்சல். அதுவே வட்டாரத்தின் விளைச்சல். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது.

குலுக்கலில் விழுந்த வயலின் பெயர் ஒரு மாதம் முன்பே அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். வெளிப்படைத்தன்மைக்காக. ஆகவே அந்த வயல்காரர் முளை அடிக்கப்போகும் இடத்துக்கு மட்டும் எருவும் தண்ணீரும் கொஞ்சம் தாராளமாக விடுவார். இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்ததில்லை. விருந்தாளி வரும் நாளில் முன்னறையை மட்டும் கூட்டிப் பெருக்குவதில்லையா, அது மாதிரிதான். நன்றாக விளைந்த சதுரத்துக்குச் சொந்தக்காரர் 'உற்பத்தி நாயகர்' ஆவார். சட்டம் போட்ட படம் ஒன்று தருவார்கள். ஊரில் பாதி வீடுகளில் அந்தப் படம் மாட்டியிருந்தது.

இந்த வருஷம் உளுந்துக் குலுக்கலில் விழுந்தது சதுரக்காரரின் மனைவியுடைய மூன்று ஏக்கர். அப்பன் வழியில் அவளுக்கு வந்த நிலம். உழவு, விதைப்பு, களை எல்லாம் அவள் பாடு. வட்டாரத்துக்கே ஆலோசனை சொல்லும் கணவரிடம் அவள் ஒரு நாளும் ஆலோசனை கேட்டதில்லை. அதனால்தான் அந்த நிலம் இதுவரை விளைந்து வந்தது என்று அவரே தன் மனசுக்குள் ஒப்புக்கொள்வதுண்டு.

குலுக்கல் முடிந்ததும் மழை நின்றது. பூ எடுக்கும் நேரத்தில் வானம் வெறிச்சென்று கிடந்தது. சதுரக்காரர் தயங்கித் தயங்கி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு ஏக்கர் காயுது. அதுல ஒரு மூலைக்கு மட்டும் தண்ணி ஊத்தணுமா?" என்றாள் அவள்.

"ஒரு மூலைதான். ஆனா அரசாங்கம் பாக்கிற மூலை."

"மிச்சத்தை யாரு பாப்பா?"

"மிச்சத்தைப் பாக்கச் சொல்லி விதிமுறையில இல்லம்மா."

அவள் குடத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அலுவலகம் போகும் முன் இருபது குடம் அவரே சுமந்தார். வழியில் பார்த்தவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் செடி பச்சை பிடித்துக் காய் திரண்டபோது வெட்கம் எங்கோ போய்விட்டது. இருபத்திரண்டு வருஷச் சேவையில் அவர் கையால் ஒரு செடி வளர்ந்தது இதுதான் முதல் தடவை. வெயிலுக்குப் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினார். ஆடு வந்தால் கையிலிருந்த கோப்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இவ்வளவு பாடுபட்டு ஐந்து மீட்டரை விளைவிக்கிறவன் பொய்யனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். பதில் சொல்ல வேண்டிய ஆளும் அவரே என்பதால் பதில் எப்போதும் சாதகமாகவே வந்தது.

அறுவடை நாளில் இயக்கத்தின் இயக்குநர் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று வண்டிகளில் வந்தார். ஒன்றில் அவர், ஒன்றில் அவருடைய குடை, ஒன்றில் படம் எடுப்பவர். முளை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், அறுத்து அடித்துத் தூற்றினார்கள். நாலு கிலோ இருநூறு கிராம். பெருக்கினால் ஹெக்டேருக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது கிலோ. அந்த வட்டாரம் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டும்போது இயக்குநர் தற்செயலாகத் திரும்பிவிட்டார். பின்னால் மூன்று ஏக்கரும் கருகிக் கிடந்தது.

"அது ஏன் அப்படி இருக்கு?"

சதுரக்காரர் கையில் இருந்த கயிற்றைச் சுருட்டினார். பிறகு உண்மையையே சொன்னார்.

"அது சதுரத்துக்கு வெளியில இருக்குங்க சார்."

"அப்ப சரி," என்றார் இயக்குநர்.

கருகிய மூன்று ஏக்கரில் மனைவிக்குக் கிடைத்தது ஒரு முறம் சொத்தைப் பயறு. அதை ஆட்டுக்குப் போட்டாள். சதுரத்தில் வந்த நாலு கிலோ இருநூறை மட்டும் சாம்பல் கலந்து, தகர டப்பாவில் போட்டு, விதைக்கென்று எடுத்து வைத்தாள். அரை ஏக்கருக்குக் காணும். மற்ற வீடுகளிலும் அதே நிலைமைதான், ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு பை. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. விளைச்சல் குறைந்த வட்டாரங்களுக்கு அடுத்த பருவத்தில் அரசாங்கமே விதை தரும் என்று இயக்க விதிமுறையின் ஏழாம் பத்தி சொல்லியிருந்தது. "விதை வந்தா முதல் மூட்டை நம்ம வீட்டுக்குத்தான்" என்று சதுரக்காரர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பற்றாக்குறைப் பட்டியல் வந்தது. அவருடைய வட்டாரம் அதில் இல்லை. பக்கத்து வட்டாரம் இருந்தது, முதலிடத்தில். அங்கே இருந்த அலுவலரைக் காய்ச்சல்காரர் என்பார்கள். வருஷத்தில் எட்டு மாதம் மருத்துவ விடுப்பு. இந்த வருஷம் அவர் சதுரமே போடவில்லை, படிவத்தில் விளைச்சல் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டார். கணினி வெறுமையைப் பூஜ்யமாகப் படித்தது. பூஜ்யம் விளைந்த மண்ணுக்கு உடனடி நிவாரணமாகப் பத்து லாரி விதை போய் இறங்கியது. உபரி வட்டாரமாகிய சதுரக்காரரின் வட்டாரத்துக்கோ தனியாக ஒரு உத்தரவு வந்தது. பற்றாக்குறையில் வாடும் சகோதர வட்டாரத்துக்கு அது முப்பது டன் விதை வழங்கிப் பெருமை தேடிக்கொள்ள வேண்டும்.

மழை பெய்த மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. உள்ளே அறுநூறு காலிச் சாக்கும் ஒரு கிடங்கு எழுத்தரும் இருந்தார்கள். ஊர் கூடிவிட்டது. ஈர மண் வாசனை எல்லாரையும் பதற வைத்தது. பத்து நாளைக்குள் விதைக்காவிட்டால் ஈரம் போய்விடும்.

சதுரக்காரர் உத்தரவை அடி வரை படித்துப் பார்த்தார். ஒரு வழி இருந்தது. விளைச்சல் பொய்த்தது என்று ஐந்து விவசாயிகள் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே சதுரம் போட்ட அலுவலரும் கையெழுத்துப் போட்டால், வட்டாரம் பற்றாக்குறைப் பட்டியலுக்கு மாறும். இதே லாரி திரும்பிப் போய் விதையோடு வரும். அவர் படிவத்தை நீட்டினார். காய்ந்தது உண்மை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் பேனாவை யாரும் தொடவில்லை.

மூன்று முறை உற்பத்தி நாயகராக இருந்த பட்டாளத்தார்தான் முதலில் வாயைத் திறந்தார். "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா அந்தப் படத்துக்குக் கீழதான் உக்காருவாங்க. என் வயல்ல விளையலன்னு நானே எப்படி எழுதிக் குடுக்கிறது? மத்தவங்களுது காஞ்சிருக்கும். எழுதட்டும்." மற்றவர்களும் தத்தம் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டு அதையே சொன்னார்கள். எவ்வளவு அற்பமான ஜனங்கள் என்று சதுரக்காரருக்கு வயிறு எரிந்தது.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதல் கையெழுத்தைப் போட்டாள். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க. அப்புறம் எல்லாரும் போடுவாங்க."

அது உண்மை என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தலைநகரத்தில் அவருக்குக் கேடயம் தரப்போகிறார்கள் என்பதும் தெரியும். அழைப்பிதழ் சட்டைப் பையில் இருந்தது. இந்தக் கையெழுத்துக்குப் பிறகு கேடயம் போகும், விசாரணை வரும், எந்தக் கோடியிலோ மாற்றல் கிடைக்கும்.

"மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்," என்றார். அதைச் சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போல அவருக்கே இருந்தது. ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்து, எழுத்தரின் முன்னால் ஒரு சாக்கில் கவிழ்த்தாள்.

"நாலு கிலோ இருநூறு. மூணு ஏக்கர்ல வந்த விதை இவ்வளவுதான். நானூறால பெருக்கிக்கோங்க."

எழுத்தர் சிரிப்பார், நிலைமை புரிந்து லாரியைத் திருப்புவார் என்று அவள் நினைத்தாள். எழுத்தர் சிரிக்கவில்லை. உத்தரவைப் புரட்டினார். பெருக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பெருக்கினார். ஆயிரத்து அறுநூற்று எண்பது கிலோ பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

கூட்டத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. எழுதித் தரவும் வேண்டாம், மானமும் போகாது. பட்டாளத்தார் ஓடிப்போய்த் தன் பையைக் கொண்டுவந்து கொட்டினார். பிறகு வரிசை நின்றது. ஆளாளுக்கு வீட்டில் இருந்த கடைசி விதையைக் கொண்டுவந்து கொட்டி ரசீது வாங்கினார்கள். உச்சிப்பொழுதுக்குள் முப்பது டன் பூர்த்தியானது. லாரியின் ஒரு மூலையில் ஒன்றரைச் சாக்கு உளுந்து கிடந்தது. எழுத்தர் சதுரக்காரரின் கையைக் குலுக்கினார். இவரும் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை கேடயம் கிடைத்தது. அடுத்த பருவத்துக்கு அறுபது டன் எதிர்பார்க்கப்படுவதாக மேடையில் அறிவித்தார்கள். மறுநாள் காலை கேடயத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். எதிர்ப்பக்கம் ஊரே நின்றுகொண்டிருந்தது. உற்பத்தி நாயகர்கள் எல்லாரும் இருந்தார்கள், தலையில் துண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கு. பட்டாளத்தார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் அவர் மனைவி நின்றாள்.

"பக்கத்து வட்டாரத்துல விதை நிறைய இறங்கியிருக்காம். விதைக்கக் கூலிக்கு ஆள் கேக்கறாங்க," என்றாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

துணிக்குள் இருந்ததை அவள் என்னவென்று கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குள் பாக்கெட்டில் செல்போன் அடித்தது. இயக்குநர். விதைப்பு எத்தனை சதவீதம் முடிந்தது, உடனே சொல்ல வேண்டும், மேலே கூட்டம் நடக்கிறது.

எதிரே பஸ் வந்து நின்றது. ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள்.

"நூறு சதம் சார்," என்றார் சதுரக்காரர். "எங்க ஆளுங்க எல்லாருமே விதைக்கத்தான் போயிருக்காங்க."